பள்ளி இதழ்களும் இதழ்க் கொள்கையும்

பள்ளியில் இதழ் நடத்துவது ஒரு பொழுதுபோக்கு என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. கல்வியாண்டின் முடிவில் தலைமையாசிரியரின் வாழ்த்துரை, விளையாட்டு விழாப் படங்கள், தேர்ச்சி விவரம், இரண்டொரு கவிதைகள் ஆகியவற்றைத் தாங்கி வெளிவந்து, பின்னர் அலமாரியில் உறங்கிவிடும் ஆண்டு மலரே பள்ளி இதழ் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இத்தகைய மலரால் யாருக்கும் தீங்கு இல்லை. அதிகப் பயனும் இல்லை. தன் ஊரில் குடிநீர் ஏன் வரவில்லை, பள்ளி நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது, மதிய உணவுக் கூடத்தில் என்ன நடைபெறுகிறது என்று கேட்டறிந்து, சரிபார்த்து, தெளிவாக எழுதத் தெரிந்த மாணவன் நாளை பொறுப்புள்ள குடிமகனாவான். அந்தப் பயிற்சியைப் பாடப்புத்தகம் மட்டும் தந்துவிட முடியாது.

அதே சமயம், எழுதும் உரிமை எழுதப்பட்டவரைக் காயப்படுத்தவும் கூடும். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயர் தகாத இடத்தில் அச்சாகிவிட்டால், அடுத்த இதழில் வெளியாகும் வருத்தக் குறிப்பு அவளுக்கு ஈடாகாது. எனவே மாணவர் இதழியலை வளர்க்க விரும்பும் பள்ளி, இதழ் தொடங்குமுன்னரே அதற்கான கொள்கையை வகுத்துக்கொள்வது இன்றியமையாதது. அக்கொள்கை எவ்வாறு அமைய வேண்டும், திட்டத்தை எவ்வாறு நடத்த வேண்டும் என்பவை இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

மாணவர் கையில் அச்சுப்பொறியை ஒப்படைத்த முன்னோடிகளுள் ஃபிரான்ஸ் நாட்டு ஆசிரியர் ஸெலஸ்டின் ஃபிரெய்னே குறிப்பிடத்தக்கவர். 1924ஆம் ஆண்டில் தென் ஃபிரான்ஸின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் சிறிய அச்சுப்பொறியை அவர் வகுப்பறைக்குள்ளேயே நிறுவினார். மாணவர்கள் தாம் கண்டவற்றை எழுதி, எழுத்துக் கோத்து, அச்சிட்டு, தொலைவிலுள்ள மற்றொரு பள்ளியின் மாணவருடன் பரிமாறிக்கொண்டனர். படிப்பவர் ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார் என்ற உணர்வு எழுத்தின் தரத்தை உயர்த்தியது.

போலந்து நாட்டில் மருத்துவரும் கல்வியாளருமான யானுஸ் கோர்ச்சாக் 1926ஆம் ஆண்டு அக்டோபரில் வார்சா நகரில் 'சிறிய விமரிசனம்' என்று பொருள்படும் பெயரில் சிறுவர் இதழ் ஒன்றைத் தொடங்கினார். நாளிதழ் ஒன்றின் வாராந்திர இணைப்பாக வெளிவந்த அதில் எழுதியவர்களும் நிருபர்களும் சிறுவர் சிறுமியரே. குழந்தைகளின் குறைகளைப் பெரியவர்கள் எழுதிக்கொடுப்பதற்கும் குழந்தைகளே எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்விதழ் உலகுக்கு உணர்த்தியது. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று, போர் மூண்ட அன்று, அதன் கடைசி இதழ் வெளிவந்தது.

தமிழகத்திலும் கேரளத்திலும் இம்மரபு கையெழுத்துப் பத்திரிகை வடிவில் வளர்ந்தது. கையால் எழுதி, படம் வரைந்து, ஒரே படியாகக் கைமாறிச் சென்ற இவ்விதழ்களில் முதன்முதலாக எழுதிப் பழகிய எழுத்தாளர்கள் பலர். அண்மைக் காலத்தில் அரசுகளும் இத்துறையில் ஈடுபாடு காட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2022ஆம் ஆண்டில் மாணவர்க்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களைத் தொடங்கி, மாணவர் படைப்புகளுக்கு இடமளித்தது.

கொச்சி காட்டும் வாய்ப்பு

மாணவர் இதழியலுக்கு உகந்த சூழல் எவ்வாறு அமைகிறது என்பதற்குக் கொச்சி நகரம் நல்ல எடுத்துக்காட்டாகும். நகரின் தேவரா பகுதியில் 1944ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திரு இருதயக் கல்லூரி இயங்கி வருகிறது. தகவல் தொடர்பியல் கற்பிக்கும் இக்கல்லூரி சமுதாய வானொலி நிலையம் ஒன்றையும் நடத்தி வருகிறது. நகரின் மற்றொரு புறத்தில் காக்கநாட்டில் 1979ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேரளப் பத்திரிகை அகாதெமி, இன்று கேரள ஊடக அகாதெமி என்ற பெயரில் இதழாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளில் இதழியலை ஒரு விருப்பப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பும் கேரளத்தில் உண்டு.

பள்ளி அளவில் 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' திட்டம் குறிப்பிடத்தக்கது. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் நடத்தும் இத்திட்டத்தின் கீழ் 2,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் குழுக்கள் அமைந்துள்ளன. கணினி வரைகலை, அசைவூட்டம், மலையாளக் கணிமை முதலியவற்றில் பயிற்சி பெறும் இம்மாணவர்கள் தம் பள்ளிக்கு மின்னிதழ் தயாரிக்கவும் கற்றுக்கொள்கின்றனர். 2022ஆம் ஆண்டில் பொய்ச் செய்திகளை இனங்காணும் பயிற்சி 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் மாணவர்க்கு அளிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களிலும் இப்பொருள் இடம்பெற்றது.

கருவியும் பயிற்சியும் இவ்வாறு பெருகிவிட்டன. ஆனால் இதழைப் பக்கம் அமைக்கத் தெரிவது வேறு. பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்யத் தெரிவது வேறு. பின்னதற்குத்தான் கொள்கை வேண்டும். கொள்கை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குக் கேரளமே பாடமும் தருகிறது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருச்சூர் மாவட்டத்திலுள்ள ஓர் அரசுப் பாலிடெக்னிக்கின் ஆண்டு மலரில், உலகின் எதிர்மறை மனிதர்கள் என்ற வரிசையில் நாட்டுத் தலைவர் ஒருவரின் படமும் இடம்பெற்றது. முதல்வர் உள்ளிட்டோர் மீதும் மாணவர்கள் மீதும் காவல் துறை வழக்குப் பதிந்தது. அப்படம் சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதை வைத்தவர் யார், பார்த்தவர் யார், ஏற்றவர் யார், எந்த அடிப்படையில் ஏற்றார் என்ற வினாக்களுக்கு எழுத்து மூலமான விடை இருக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இருக்க முடியாது.

உரிமையும் அதன் எல்லையும்

பள்ளி இதழுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. எனினும் அரசியலமைப்பின் 19(1)(அ) விதி வழங்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் பள்ளி வாயிலில் நின்றுவிடுவதில்லை. 1985ஆம் ஆண்டில் கேரளப் பள்ளி ஒன்றில் பயின்ற உடன்பிறந்தோர் மூவர், தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது மரியாதையுடன் எழுந்து நின்றும் தம் மத நம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாணவரின் கருத்துரிமையை வெறும் துறை உத்தரவால் பறிக்க இயலாது. சட்டத்தின் அடிப்படையும் தக்க காரணமும் வேண்டும் என்பது இத்தீர்ப்பிலிருந்து கல்வி அதிகாரிகள் கொள்ள வேண்டிய பாடமாகும்.

இந்தியா 1992ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட, குழந்தை உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் இதே திசையைக் காட்டுகிறது. தம்மைப் பாதிக்கும் பொருள்களில் கருத்துரைக்கும் உரிமையை அதன் 12ஆம் விதியும், செய்திகளைத் தேடவும் பெறவும் வழங்கவும் உள்ள உரிமையை 13ஆம் விதியும் குழந்தைகளுக்கு உறுதி செய்கின்றன.

அமெரிக்காவில் இச்சிக்கல் பள்ளி இதழின் பெயராலேயே நீதிமன்றம் ஏறியது. 1969ஆம் ஆண்டில் டிங்கர் வழக்கில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவரின் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பள்ளியின் பணிகளுக்குக் கணிசமான இடையூறு நேராத வரை கருத்துரிமையைத் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். பின்னர், 1983ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்தின் ஹேஸல்வுட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியில், இளவயதுக் கருவுறுதல், பெற்றோரின் மணமுறிவு ஆகியவை பற்றிய கட்டுரைகள் இருந்ததால் மாணவர் இதழின் இரு பக்கங்களைப் பள்ளி முதல்வர் நீக்கினார். 1988ஆம் ஆண்டில் வெளியான தீர்ப்பில், பாடத்திட்டத்தின் பகுதியாகப் பள்ளியே நடத்தும் இதழில் கல்வி நோக்கம் கருதி முதல்வர் தலையிடலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஆனால் கலிஃபோர்னியா மாநிலம் 1977ஆம் ஆண்டிலேயே பள்ளி இதழ்களின் உரிமையைத் தனிச் சட்டத்தால் காத்திருந்தது. மேற்படித் தீர்ப்புக்குப் பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

ஹேஸல்வுட் பள்ளியில் எழுந்த கவலைகள் முற்றிலும் ஆதாரமற்றவை அல்ல. கருவுற்ற மாணவியரின் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தும் அவர்களை அடையாளம் காண இயலும் என்றும், குறை கூறப்பட்ட பெற்றோருக்குப் பதிலளிக்க வாய்ப்பு தரப்படவில்லை என்றும் முதல்வர் கருதினார். இவை இரண்டும் நல்ல இதழாசிரியர் எவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளே. அவை எழுதும் கட்டத்திலேயே கேட்கப்பட்டிருந்தால் கட்டுரைகளைத் திருத்தி வெளியிட்டிருக்கலாம். அச்சுக்குப் போகும் நேரத்தில் மாணவருக்குச் சொல்லாமலேயே பக்கங்களை நீக்கியதுதான் வழக்கில் முடிந்தது. முன்கூட்டி வகுத்த கொள்கையின் பயன் இங்கே தெளிவாகிறது.

இந்தியச் சட்டங்கள் விதிக்கும் திட்டவட்டமான எல்லைகளையும் பள்ளிகள் அறிந்திருத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, சட்டத்துடன் முரண்பட்ட சிறாரையும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பெயர், முகவரி மட்டுமன்றிப் பள்ளியின் பெயரும் இத்தடையில் அடங்கும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இதே பாதுகாப்பை அளிக்கிறது. அவதூறு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் குற்றமாக வரையறுக்கப்பட்டுள்ளது. பிறர் எழுத்தையும் படத்தையும் எடுத்தாள்வதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எல்லை வகுக்கிறது.

மறுபுறம், தெளிவற்ற சொற்களால் கருத்தை ஒடுக்குவதும் சட்டத்தின் முன் நிற்காது. 2015ஆம் ஆண்டில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும், கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. எரிச்சலூட்டுவது, தொல்லை தருவது போன்ற வரையறையற்ற சொற்களே அதற்கு முக்கியக் காரணம். 'பள்ளியின் நற்பெயருக்கு ஊறு விளைவிப்பவை வெளியிடப்படமாட்டா' என்று ஒற்றை வரியில் விதி எழுதும் நிர்வாகங்கள் இத்தீர்ப்பை எண்ணிப் பார்ப்பது நலம். அவ்வரியின் கீழ் எதையும் தடுக்கலாம். எதையும் தடுக்கக்கூடிய விதி எதையும் கற்பிப்பதில்லை.

இதழ்க் கொள்கையின் கூறுகள்

எழுத்தில் அமைந்த கொள்கை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல், மாணவருக்கும் பெற்றோருக்கும் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். அதில் பின்வருவன இடம்பெறுதல் அவசியம்.

முதலாவது, முடிவெடுக்கும் பொறுப்பு. எதை வெளியிடுவது என்பதை மாணவ இதழாசிரியர் குழு தீர்மானிக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் பணி கேள்வி கேட்பதும் யோசனை கூறுவதுமாகும். மாணவரின் வாக்கியத்தை அவரே மாற்றி எழுதிவிட்டால் இதழ் சிறக்கலாம், மாணவர் கற்கமாட்டார்.

இரண்டாவது, தடுத்து நிறுத்துவதற்கான காரணங்கள். அவதூறு, சட்டம் தடுத்துள்ள அடையாள வெளிப்பாடு, வன்முறைக்கோ பகைமைக்கோ தூண்டுதல், தனிவாழ்வில் தலையீடு, பிறர் படைப்பைக் களவாடுதல் ஆகியவை எண்ணிட்டுக் கூறப்பட வேண்டும். நிர்வாகத்தைக் குறை கூறுதல் இப்பட்டியலில் இடம்பெறலாகாது.

மூன்றாவது, முறை. தலைமையாசிரியர் ஒரு கட்டுரையை நிறுத்த விரும்பினால், எந்த விதியின் கீழ் என்பதை எழுத்தில், மூன்று பள்ளி நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மாணவர் ஏற்காவிடில் ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர், ஒரு மூத்த மாணவர், பள்ளிக்கு வெளியிலுள்ள இதழாளரோ வழக்கறிஞரோ ஒருவர் ஆகியோர் அடங்கிய குழு முடிவு செய்யலாம். காலவரையறை இல்லாத அனுமதி மறைமுகத் தணிக்கையே ஆகும்.

நான்காவது, நியாயம். யாரைப் பற்றிக் குறை எழுதப்படுகிறதோ அவரது விளக்கம் அதே இதழில் வெளிவர வேண்டும். அவர் பதிலளிக்க மறுத்தால் அதையும் குறிப்பிடலாம்.

ஐந்தாவது, சிறாரின் பெயரும் படமும். பரிசு பெற்ற செய்திக்குப் பெயர் வெளியிடுவதும், தண்டனை பெற்ற செய்திக்குப் பெயர் வெளியிடுவதும் ஒன்றல்ல. படம் வெளியிடப் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு தேவை. இணையத்தில் ஏறிய செய்தி ஆண்டுகள் கடந்தும் நிற்குமாதலால், அச்சிதழைவிட மின்னிதழில் இவ்விதி கடுமையாகப் பின்பற்றப்பட வேண்டும்.

ஆறாவது, திருத்தம். தவறு நேர்ந்தால் அடுத்த இதழிலேயே, கண்ணில் படும் இடத்தில், தெளிவான சொற்களில் திருத்தம் வெளிவருதல் வேண்டும்.

ஏழாவது, விளம்பரமும் கருவிகளும். நன்கொடையாளரைப் பற்றிய செய்தியில் அந்த உறவு சொல்லப்பட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கிய படத்தை நிகழ்ச்சிப் படமாக வெளியிடலாகாது.

திட்டத்தை நடத்தும் முறை

பெரும் நிதி இல்லாமலேயே இத்திட்டத்தைத் தொடங்கலாம். முதல் பருவத்தில் சுவர்ப் பத்திரிகை போதும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு பலகையில் ஒட்டப்படும் நான்கு தாள்கள், வாசகர் உடனடியாகத் தவறுகளைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பைத் தருகின்றன. இரண்டாம் பருவத்தில் படியெடுத்த செய்தித்தாளும், அடுத்த ஆண்டில் மின்னிதழும் தொடங்கலாம். பொதுமக்களுக்கு விற்கும் பருவ இதழாக விரிவுபடுத்த எண்ணும் நிறுவனம், 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தை ஆராய்ந்து செயல்பட வேண்டும்.

பன்னிரண்டு முதல் இருபது மாணவர் வரை கொண்ட குழு நிர்வகிக்க எளிது. நிருபர், படம் எடுப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், சரிபார்ப்பவர் என்று பணிகள் பிரிக்கப்பட்டு, பருவந்தோறும் மாற்றப்படுதல் நன்று. சரிபார்ப்பவர் பணி மிக முக்கியமானது. ஒவ்வொரு பெயரையும், எண்ணையும், தேதியையும் மூல ஆதாரத்துடன் ஒப்பிட்டுக் குறியிடுவது அவரது கடமை. மதிப்பெண்ணில் மட்டும் முதன்மை பெற்றவர்களையே தேர்ந்தெடுத்தால் இதழ் ஒரு சிலரின் குரலாகிவிடும்; வகுப்பில் பேசாத மாணவரிடமே பல நேரங்களில் செய்தி இருக்கிறது.

மொழிப் பிரச்சினையும் கருதத்தக்கது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரத்தில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய மொழிகள் வீடுகளில் வழங்குகின்றன. ஃபோர்ட் கொச்சியின் சலவைத் துறையில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுப்பவர்கள் தமிழ் வழியினரே. அவ்வீட்டுப் பிள்ளை தன் பாட்டியிடம் தமிழில் கேட்டறிந்ததைப் பள்ளி மொழியில் எழுதும்போது, வெளி நிருபருக்குக் கிட்டாத செய்தி இதழுக்குக் கிடைக்கிறது. வீட்டு மொழியில் ஒரு பக்கமேனும் ஒதுக்குதல் இத்தகைய பள்ளிகளுக்கு ஏற்றது.

ஒரு பயிற்சி

கொள்கையை நடைமுறையில் விளக்க, பயிற்சி வகுப்பில் கொச்சி மக்கள் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்கள் நகரைப் புகை சூழ்ந்தது; சிறு வகுப்புகளுக்கு விடுமுறை விடப்பட்டது; கேரள உயர் நீதிமன்றம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இதைப் பள்ளி இதழ் எவ்வாறு எழுத வேண்டும்? 'நச்சுப் புகையால் மாணவர் பலர் நோயுற்றனர்' என்ற வாக்கியத்தை மாணவர் எழுதி வந்தால், வழிகாட்டி ஆசிரியர் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை பேர்? அதைக் கூறியவர் யார்? மருத்துவர் ஒருவரிடம் கேட்கப்பட்டதா? நோயுற்ற மாணவரின் பெயரை வெளியிட அவர் வீட்டார் இசைந்தனரா? மாநகராட்சியின் விளக்கம் பெறப்பட்டதா? இறுதியாக, நகரின் குப்பையை எழுதும் இதழ் தன் பள்ளிக் குப்பை எங்கே போகிறது என்று கேட்டதா? கடைசிக் கேள்வி நிர்வாகத்துக்கு உவப்பாக இராது. ஆனால் அவதூறும் இல்லை, அடையாள வெளிப்பாடும் இல்லை. ஆகவே கொள்கைப்படி அக்கட்டுரை வெளிவந்தாக வேண்டும். நிர்வாகம் செய்யத்தக்கது, அதே பக்கத்தில் தன் பதிலை அளிப்பதும், முடிந்தால் குப்பையைத் தரம் பிரிக்க ஏற்பாடு செய்வதுமே.

முடிவுரை

ஊர் மன்றத்தில் எழுந்து கணக்குக் கேட்பவரும், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுபவரும், வதந்தியைப் பரப்பாமல் நிறுத்திச் சரிபார்ப்பவரும் திடீரெனத் தோன்றிவிடுவதில்லை. அவர்கள் எங்கேனும் பயிற்சி பெற்றாக வேண்டும். ஒரு சுவர்ப் பலகையும், இரண்டு பக்கக் கொள்கையும், கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் இருந்தால் அப்பயிற்சி எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். தமக்குப் பிடிக்காத கட்டுரை ஒன்று விதிகளுக்கு உட்பட்டு எழுதப்பட்டிருக்கும்போது, அதில் கையொப்பமிட்டு அச்சுக்கு அனுப்பும் தலைமையாசிரியர், குடியாட்சி பற்றிய பாடத்தை நடத்தி முடித்தவராவார்.